சிறு சொற்களின் பெருவலிமை

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நெய்வேலி நகரியத்தில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சங்கத்தின் சாதனைகளைப் பேசுவதே வழக்கம். அதனைப் பேச நம்மிடையே தகுதி மிக்க பெரியோர் பலர் உள்ளனர். மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கும் பணியை ஏற்றுக்கொண்ட நாங்கள், இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது ஒரு சிறிய பொருள். மிகச் சிறிய பொருள் என்றே சொல்லலாம். ஆங்கிலத்தில் சில எழுத்துகளே கொண்ட சில சொற்களைப் பற்றியே பேசப் போகிறோம். எ, தி, எனி என்பன ஒரு வகை. மே, மஸ்ட், ஷல், கேன் என்பன இன்னொரு வகை. இன், ஆன், பை, டில், வித் என்பன மூன்றாம் வகை. பள்ளிக்கூடத்தில் இவற்றை முறையே டிட்டர்மினர், மோடல், பிரெபோசிஷன் என்று படித்திருப்பீர்கள். தமிழில் வரையறைச் சொல், துணைவினை, முன்னிடைச்சொல் என்று வைத்துக்கொள்வோம்.

இவ்வளவு சிறிய சொற்களுக்கு ஒரு விழாவில் இடம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக எங்கள் பிழை ஒன்றையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

சங்கம் தொடங்கிய இரண்டாம் ஆண்டு. நம் மாலை வகுப்பில் படித்த ஒரு பிள்ளை எழுத்துத் தேர்வு ஒன்று எழுதியிருந்தான். சில வாரங்களில் ஓர் அலுவலகத்திலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. அவன் தந்தை ஒப்பந்தத் தொழிலாளி, படிக்காதவர். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். "யூ மே பி கால்ட் ஃபார் இன்டர்வியூ" என்று அதில் இருந்தது. "நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள், கவலை வேண்டாம்" என்று நாங்கள் பொருள் சொன்னோம். அந்தச் சொல்லை நம்பி அந்தக் குடும்பம் காத்திருந்தது. மந்தாரக்குப்பத்தில் பார்த்துக்கொண்டிருந்த கடை வேலையைப் பிள்ளை விட்டுவிட்டான். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வதற்கான நாளும் கடந்துபோயிற்று. அழைப்பு வரவேயில்லை. ஆறு மாதம் கழித்து நாங்களே அவனை அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குச் சென்று கேட்டோம். சன்னலுக்கு அப்பால் இருந்த எழுத்தர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "மே" என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

"மே பி கால்ட்" என்றால் அழைக்கப்படலாம், அழைக்கப்படாமலும் போகலாம். "வில் பி கால்ட்" என்று இருந்தால்தான் அழைக்கப்படுவாய் என்று பொருள். அந்த எழுத்தரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. பிழை எங்களுடையது. கற்றவர் என்று நம்பி வந்தவருக்கு ஒரு சொல்லைத் தவறாகப் படித்துச் சொன்னோம். ஒரு பிள்ளை ஓர் ஆண்டை இழந்தான். அடுத்த ஆண்டு அவன் தொழிற்பயிற்சியில் சேர்ந்து தேறினான் என்பது எங்களுக்கு ஆறுதலே தவிர, அந்தப் பிழைக்கு ஈடாகாது. அன்று முதல் எங்கள் வகுப்பில் பெரிய சொற்களுக்கு முன்பாகச் சிறிய சொற்களைக் கற்பிக்கிறோம்.

இந்தச் சொற்கள் நம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பது அறிவுக் குறைவால் அன்று. தமிழ் அந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறது. அதை அறிந்துகொண்டால் பாதி வழி கடந்தவர்கள் ஆவோம்.

முதலில் வரையறைச் சொற்கள். தமிழில் "தி" இல்லை என்று சொல்வார்கள். சொல்லாக இல்லை என்பது மெய். ஆனால் அதன் வேலை நம் மொழியில் நடக்காமல் இல்லை. "புத்தகம் வாங்கினேன்" என்கிறோம். ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்கிறோம். கேட்பவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபாகிய "ஐ" அங்கே "தி"யின் வேலையைச் செய்கிறது. "ஐ பாட் எ புக்", "ஐ பாட் தி புக்" என்னும் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுவே. எல்லா இடத்திலும் இந்த அளவுகோல் பொருந்தாது. ஆயினும் தொடங்குவதற்கு இது நல்ல கைப்பிடி.

"எ" என்னும் ஓரெழுத்து எவ்வளவு செய்யும் என்பதற்கு ஒரு சான்று. "ஃபியூ ஆஃப் அவர் பாய்ஸ் பாஸ்ட்" என்றால் நம் பிள்ளைகளில் தேறியவர் மிகச் சிலரே என்னும் வருத்தம். "எ ஃபியூ ஆஃப் அவர் பாய்ஸ் பாஸ்ட்" என்றால் சிலரேனும் தேறினர் என்னும் நிறைவு. எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம், மனநிலை மாறிவிட்டது.

இரண்டாவது துணைவினைகள். தமிழில் "வேண்டும்" என்னும் ஒரு சொல்லைக்கொண்டு நாம் எத்தனை காரியம் நடத்துகிறோம்! "தண்ணீர் வேண்டும்" என்றால் விருப்பம். "நாளை வர வேண்டும்" என்றால் கடமை. "எனக்கு இரண்டு நாள் விடுப்பு தர வேண்டும்" என்றால் பணிவான வேண்டுகோள். இந்த மூன்றாவதை அப்படியே "யூ மஸ்ட் கிராண்ட் மி லீவ்" என்று எழுதிவிட்டால் அது மேலதிகாரிக்கு இடும் கட்டளையாகிவிடுகிறது. எழுதியவர் பணிவாகவே நினைத்தார். படித்தவர் திமிராக எண்ணினார். இப்படி எழுந்த மனக்கசப்புகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அதற்காக, "ஐ பெக்" என்று கையேந்தும் பழைய நடைக்கும் நாம் போக வேண்டியதில்லை. "வுட் யூ பிளீஸ் கிராண்ட் மி எ வீக்ஸ் லீவ் ஃப்ரம் தி டென்த் டு தி சிக்ஸ்டீன்த்?" என்று எழுதினால் போதும். மரியாதையும் குறையவில்லை, மானமும் குறையவில்லை.

அதுபோலவே "போகலாம்" என்பது. அனுமதியும் அதுவே, "ஒருவேளை போகக்கூடும்" என்பதும் அதுவே, "வா, போவோம்" என்பதும் அதுவே. ஆங்கிலத்தில் "மே", "மைட்", "லெட் அஸ்" என்று பிரிந்து நிற்கின்றன. "வேண்டாம்" என்பதோ இன்னும் கவனத்துக்கு உரியது. "யூ நீட் நாட் சுவிட்ச் ஆன் தி பம்ப்" என்றால் பம்பைப் போட வேண்டிய தேவை இல்லை, போட்டாலும் தீங்கில்லை. "யூ மஸ்ட் நாட் சுவிட்ச் ஆன் தி பம்ப்" என்றால் போடவே கூடாது. இரண்டையும் நாம் "போட வேண்டாம்" என்றே சொல்லிவிடுகிறோம். மின்கம்பியில் ஒருவர் கை வைத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் ஓர் உயிரின் தூரம். "மஸ்ட் நாட்" என்பதைக் "கூடாது" என்றும், "நீட் நாட்" என்பதைத் "தேவையில்லை" என்றும் மொழிபெயர்க்கப் பழகுங்கள்.

மூன்றாவது முன்னிடைச்சொற்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரம் வேற்றுமைகளை விரிவாகப் பேசுகிறது. நம் மொழியில் உருபு பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் முன்னே தனித்து நிற்கும். இடம் மாறியதே தவிர வேலை மாறவில்லை. ஆனால் நம் "இல்" ஒன்றாக இருக்க, ஆங்கிலம் அதை மூன்றாகப் பிரிக்கும். நெய்வேலியில் என்றால் "இன்". மேசையில் என்றால் "ஆன்". பேருந்து நிறுத்தத்தில் என்றால் "அட்". காலத்துக்கும் அப்படியே: மே மாதத்தில் "இன்", திங்கட்கிழமை "ஆன்", ஆறு மணிக்கு "அட்". பரந்ததற்கு "இன்", நாளுக்கும் மேற்பரப்புக்கும் "ஆன்", புள்ளிக்கு "அட்" என்று பொதுவாக நினைவில் கொள்ளலாம்.

"பை", "டில்" இரண்டிலும் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணமே இல்லை. தமிழில் அவை தெளிவாகப் பிரிந்துள்ளன. "ஐந்தாம் தேதிக்குள் கட்டு" என்பது "பை". "ஐந்தாம் தேதி வரை இரு" என்பது "டில்". விண்ணப்பத்தில் "பை தி ஃபிஃப்த்" என்று கண்டால் "உள்" என்னும் உருபை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை காத்திருக்க மாட்டீர்கள்.

இனி இம்மூன்றும் ஒரு வாக்கியத்தில் எப்படிச் சேர்கின்றன என்பதைப் பார்ப்போம். நாம் வாழும் இடத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்த நிறுவனம் 1956இல் தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது; 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. சோவியத் நாட்டுப் பொறியாளரும் ஜெர்மன் நாட்டு இயந்திரமும் வந்த இந்த ஊரில், தமிழ்த் தொழிலாளிக்கு ஆங்கில அறிவிப்புப் பலகை அன்றே அறிமுகமாகிவிட்டது. அத்தகைய பலகை ஒன்றில் காணத்தக்க வாக்கியம் இது:

"யூ மஸ்ட் வேர் எ ஹெல்மெட் இன் தி மைன்."

இதில் பெரிய சொற்கள் மூன்றே: அணிதல், தலைக்கவசம், சுரங்கம். அவற்றை மட்டும் படித்தால் யார், எப்போது, எதை என்று ஒன்றும் விளங்காது. "மஸ்ட்" கட்டாயத்தைச் சொல்கிறது. "எ" எந்தத் தலைக்கவசமானாலும் ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. "இன்" எல்லையை வகுக்கிறது. "தி" நமக்கெல்லாம் தெரிந்த இந்தச் சுரங்கம் என்கிறது. "மஸ்ட்" நின்ற இடத்தில் "மே" வந்தால் கட்டாயம் விருப்பமாகிவிடும். "இன்" நின்ற இடத்தில் "நியர்" வந்தால் சுரங்கத்தின் வெளியிலேயே அணிய வேண்டும்.

இன்னொன்று: "யூ மே நாட் என்டர் தி மைன் விதவுட் எ பாஸ்." இங்கே "மே நாட்" என்பது தடை. "விதவுட்" என்பது இன்மை. இரண்டு எதிர்மறையும் சேர்ந்து, அனுமதிச் சீட்டு இருந்தால்தான் நுழையலாம் என்னும் ஒரே பொருளைத் தருகின்றன. இப்படி எதிர்மறை இரண்டு வரும்போது வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை உடன்பாடாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டும் முறைக்கு நான்கு விதிகள் போதும். ஒன்று, துணைவினைக்குப் பின் வினைச்சொல் அப்படியே வர வேண்டும். "ஹி கேன் கோஸ்" என்பதும் "ஹி கேன் டு கோ" என்பதும் பிழை. இரண்டு, ஒரு வினைக்கு இரண்டு துணைவினை ஆகாது. "வில் கேன்" என்று சொல்லாமல் "வில் பி ஏபிள் டு" என்று சொல்ல வேண்டும். மூன்று, "தி"யும் "மை"யும் ஒரே பெயரின் முன் கூடி நில்லா. "தி மை ஹவுஸ்" என்பது இல்லை. நான்கு, முன்னிடைச்சொல்லுக்குப் பின் பெயர்தான் நிற்கும். வினை வந்தால் அது "இங்" ஏற்றுப் பெயராக வேண்டும். "விதவுட் வேர் எ ஹெல்மெட்" என்பது பிழை; "விதவுட் வேரிங் எ ஹெல்மெட்" என்பதே சரி.

இளைஞர்களே! இலக்கணம் இத்துடன் நிற்கட்டும். இந்தச் சிறு சொற்கள் நம் மக்களின் வரலாற்றில் என்ன செய்தன என்பதைச் சொல்லாமல் முடித்தால் இந்த உரை குறையுள்ளதாகும்.

1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொணர்ந்தார்கள். 1893இலேயே "பறையன்" என்று தம் இதழுக்குப் பெயரிட்டு நடத்திய பெருமகன் அவர். பின்னர் டாக்டர் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர். அத்தீர்மானத்தின் கருத்து, எந்த வகுப்பைச் சேர்ந்த எவரும், எந்த ஊரிலும், எந்தப் பொதுத் தெருவிலும் நடப்பதற்கு அரசுக்கு ஆட்சேபம் இல்லை என்பது. கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றுக்கும் அவ்வாறே. அத்தீர்மானத்தில் மீண்டும் மீண்டும் வரும் சொல் "எனி". எந்த ஆளும், எந்தச் சாதியும், எந்தத் தெருவும், எந்த ஊரும். அந்த இடத்தில் "சம்" என்னும் சொல்லோ, ஊரின் பெயரோ இருந்திருந்தால் மற்றத் தெருக்கள் எல்லாம் அடைபட்டே கிடந்திருக்கும். விலக்குக்கு இடமே வைக்காத சொல் "எனி".

ஆனால் அத்தீர்மானத்தின் வலிமை அவ்வளவே. "ஆட்சேபம் இல்லை" என்பது "நடக்கலாம்" என்னும் அளவில் நின்றது. தடுப்பவனைத் தண்டிக்கும் "ஷல்" அதில் இல்லை. 1938இல் சென்னை மாகாணத்தில் குடிமை இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தபோதுதான் தடுத்தல் குற்றமாயிற்று. அதற்காகப் பாடுபட்டவர் எம்.சி. ராஜா அவர்கள். "லாம்" என்பது "கூடாது" ஆவதற்குப் பதினான்கு ஆண்டுகள் சென்றன.

டாக்டர் அம்பேத்கர் வரைவுக் குழுவின் தலைவராக இருந்து உருவாக்கிய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். தீண்டாமையை எந்த வடிவிலும் கடைப்பிடித்தல் தடை செய்யப்பட்டுள்ளது என்கிறது. அங்கும் "எனி" நிற்கிறது. ஒரு வடிவம் ஒழிந்து இன்னொரு வடிவம் தோன்றினாலும் இந்தச் சொல் அதனைப் பிடித்துக்கொள்ளும். கோவில் வாசலில் இருந்தாலும் தேநீர்க் கடைக் குவளையில் இருந்தாலும் அது ஒரு வடிவமே.

அப்பிரிவை நடைமுறைப்படுத்த 1955இல் வந்த சட்டம், சிறைத் தண்டனை ஆறு மாதம் வரை நீளலாம், அல்லது அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை நீளலாம், அல்லது இரண்டும் என்றது. "மே", "ஆர்" என்னும் இரண்டு சொற்களின் வழியே எத்தனையோ குற்றவாளிகள் சிறு அபராதத்துடன் வெளியேற முடிந்தது. 1976இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. அப்போது, சிறை ஒரு மாதத்திற்குக் குறையாமலும் ஆறு மாதத்திற்கு மேற்படாமலும், அத்துடன் அபராதம் நூறு ரூபாய்க்குக் குறையாமலும் ஐந்நூறுக்கு மேற்படாமலும் என்று மாறியது. மேலெல்லை இரண்டிலும் மாறவில்லை. மாறியவை சிறு சொற்கள்தாம். "அல்லது" போய் "அத்துடன்" வந்தது. கீழெல்லை ஒன்று பிறந்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும், ஆறு மாதத்திற்குக் குறையக் கூடாது என்று "ஷல் நாட்" முன்னே நிற்கிறது. ஐந்தாண்டு வரை நீளலாம் என்று "மே" பின்னே நிற்கிறது. கீழே கட்டாயம், மேலே நீதிபதியின் விருப்பம். ஒரே வாக்கியத்தில் இரண்டு துணைவினைகள் தண்டனையின் தரையையும் கூரையையும் கட்டியிருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா "ஷல்"லும் நமக்குக் கட்டாயம் ஆகிவிடுவதில்லை. வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு பற்றிய 16ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் "ஷல்" உண்டு. ஆனால் அந்த வாக்கியம் சொல்வது, இடஒதுக்கீடு செய்வதிலிருந்து அரசை இப்பிரிவிலுள்ள எதுவும் தடுக்காது என்பதே. தடுக்காது என்பது வேறு. செய்தே தீர வேண்டும் என்பது வேறு. "ஷல்" தடையைத்தான் நீக்குகிறது, கடமையை விதிக்கவில்லை. இது அரசுக்கு ஆற்றல் தரும் பிரிவே, கட்டளை அன்று என்று உச்ச நீதிமன்றம் 2020இலும் மீண்டும் கூறியது. பட்டியல் சாதியினரின் கல்வியைச் சிறப்புக் கவனத்துடன் வளர்க்க வேண்டும் என்று 46ஆம் பிரிவில் உள்ள "ஷல்" உண்மையில் கட்டளைதான். ஆனால் அந்தப் பகுதியை நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றிக்கொள்ள இயலாது என்று 37ஆம் பிரிவு முன்னதாகவே சொல்லிவிடுகிறது. ஆதலால்தான் உரிமைகளை அரசியல் வலிமையாலும் கல்வி வலிமையாலும் காத்துக்கொள்ள வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம். சட்டத்தை முழக்கமாக மட்டும் அறிந்தவர் இதனைக் காணார். வாக்கியமாகப் படிப்பவரே காண்பார்.

நிறைவாக, செயலுக்கு வருவோம். நாள்தோறும் ஓர் அறிவிப்பையோ, கடிதத்தையோ, விண்ணப்பப் படிவத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள துணைவினையின் கீழ் ஒரு கோடு, வரையறைச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், முன்னிடைச்சொல்லின் மேல் ஒரு புள்ளி இடுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். இது கட்டாயமா, விருப்பமா, வாய்ப்பு மட்டுமா? எல்லோருக்குமா, சிலருக்கா, குறிப்பிட்ட ஒருவருக்கா? எங்கிருந்து எது வரை, எந்த நாளுக்குள்? இவற்றுக்கு விடை எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். தெரியாத இடத்தில் தெரிந்ததுபோல் பொருள் சொல்லாதீர்கள்; அந்தக் குற்றத்தை நாங்கள் ஒருமுறை செய்துவிட்டோம், அது போதும். உங்கள் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பு இனி உங்களுடையது. அவ்வாறு படிப்பவர் ஒருவர் தெருவுக்குத் தெரு இருந்தால், இந்தச் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பு வீண்போகவில்லை என்று கொள்வோம்.

அந்தப் பிள்ளையின் தந்தை இன்றும் எங்களைத் தெருவில் கண்டால் வணக்கம் சொல்கிறார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. அவர் பேசாமலிருப்பதே எங்களை இந்த மேடைக்கு அழைத்து வந்தது.